வாசகர் கேள்வி பதில்: கெட்டிஸ்பர்க்கில் கால்ட்வெல் கவுண்டிப் பையன்கள்

சென்ற இதழில் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதும்போது, வட கரோலினாவின் கால்ட்வெல் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) போன ஒரு கம்பெனியில், அதாவது சுமார் நூறு பேர் கொண்ட படைப்பிரிவில், கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பிறகு அடிபடாதவர் என்று யாருமே மிஞ்சவில்லை என ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: ஒரு கம்பெனி மொத்தமும் அடிபட்டது என்பது கொஞ்சம் மிகையாக இல்லையா? என்னதான் நடந்தது?

மிகை இல்லை. விவரமாகவே சொல்கிறேன்.

பெயரில் 'வட' இருந்தாலும், வட கரோலினா அந்தப் போரில் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் பக்கம். கால்ட்வெல், அதன் மேற்கே ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் இருக்கும் விவசாயக் கவுண்டி. கவுண்டியின் தலைமை ஊர் லெனோர். 1860 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் சுமார் 7,500 பேர். லெனோருக்குப் பக்கத்தில் ஹிப்ரிட்டன் என்று ஒரு மலை. 1861 கோடையில் அந்தப் பகுதிப் பையன்கள் படைக்குத் திரண்டபோது மலையின் பெயரையே தங்கள் கம்பெனிக்கு வைத்துக்கொண்டு 'ஹிப்ரிட்டன் கார்ட்ஸ்' ஆனார்கள். தலைநகர் ராலேக்குப் பக்கத்து முகாமில் பத்துக் கம்பெனிகள் கொண்ட 26ஆம் வட கரோலினா ரெஜிமென்ட் அமைக்கப்பட்டபோது அதில் 'எஃப்' கம்பெனி என்ற எழுத்து அவர்களுக்குக் கிடைத்தது.

1863 ஜூலை 1 பிற்பகல். பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் ஊருக்கு மேற்கே வில்லோபி ரன் என்று ஒரு சின்ன ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஹெர்ப்ஸ்ட் என்பவரின் மரத்தோப்பு. தோப்புக்குள் வடக்குப் படையின், அதாவது மத்திய அரசுப் படையின், 24ஆம் மிச்சிகன் ரெஜிமென்ட் காத்திருந்தது. அவர்களும் பெரும்பாலும் ஒரே கவுண்டிக்காரர்கள்தான், டெட்ராய்ட் இருக்கும் வெய்ன் கவுண்டி. 26ஆம் ரெஜிமென்ட் வயலில் இறங்கி, ஓடையைக் கடந்து, மேட்டில் ஏறியது. கொடி பிடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். பதின்மூன்று பேர் என்பவர்களும் உண்டு, பதினான்கு என்பவர்களும் உண்டு. கர்னல் ஹென்றி பர்க்வின் தானே கொடியை எடுத்தார், குண்டு பட்டு இறந்தார். அவருக்கு வயது 21. அடுத்த பொறுப்பில் இருந்த ஜான் லேன் கொடியை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். அவருக்குப் பின்கழுத்தில் பட்ட குண்டு வாய் வழியாக வெளியே வந்தது. லேன் பிழைத்துக்கொண்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1903இல், தன்னைச் சுட்ட மிச்சிகன் வீரரை அதே கெட்டிஸ்பர்க்கில் சந்தித்தார்.

மிச்சிகன்காரர்கள் 496 பேர் சண்டையில் இறங்கினார்கள். அதில் 363 பேர் போயினர்: இறந்தவர், காயப்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து. இந்தப் பக்கம் 26ஆம் ரெஜிமென்ட்டில் 800க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். போரின் உயிரிழப்புகளை ரெஜிமென்ட் வாரியாகத் தொகுத்து 1889இல் வெளியிட்ட வில்லியம் ஃபாக்ஸ், கெட்டிஸ்பர்க்கில் அந்த ரெஜிமென்ட்டில் இறந்தவரும் காயப்பட்டவரும் 588 என்கிறார். காணாமற்போனவர்கள் தனி. கெட்டிஸ்பர்க்கில் இரு தரப்பிலும் வேறு எந்த ரெஜிமென்ட்டும் இவ்வளவு பேரை இழக்கவில்லை.

இனி எஃப் கம்பெனி. அதன் கேப்டன் ரோமுலஸ் டட்டில் பிழைத்து வந்தவர், பிற்பாடு பாதிரியாரானார். தன்னையும் சேர்த்து 3 அதிகாரிகள், 88 வீரர்கள் என்பது அவர் கணக்கு. அதில் 31 பேர் அங்கேயோ காயத்தாலோ இறந்தார்கள், மற்ற 60 பேரும் காயப்பட்டார்கள். ஃபாக்ஸ் புத்தகத்தில் கம்பெனியின் பலம் 84 என்று இருக்கிறது. ஆனால் எல்லோருமே அடிபட்டார்கள் என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. பட்டியலை எழுதிய சார்ஜென்ட்டுக்கே இரண்டு காலிலும் குண்டு துளைத்திருந்தது என்று ஃபாக்ஸ் குறிக்கிறார். அந்த நிலையில் ஒரு மனிதர் உட்கார்ந்து, தன் ஊர்ப் பையன்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்! இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும்.

கவுண்டிக்கு இது என்ன அளவு என்று பாருங்கள். 7,500 பேரில் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் போக, படைக்குப் போகும் வயது ஆண்கள் ஆயிரத்துச் சொச்சம்தான் தேறுவார்கள். அதில் கிட்டத்தட்ட நூறு பேர் ஒரே சண்டையில் அடிபட்டார்கள். இது ஒரு கம்பெனிக் கணக்குதான். அதே ரெஜிமென்ட்டின் 'ஐ' கம்பெனியும் கால்ட்வெல்காரர்கள்தான். அவர்களும் அதே ஓடையைக் கடந்தவர்கள்.

கேள்வி: ஒரே ஊர்க்காரர்களை ஒரே கம்பெனியில் வைத்தால் இப்படி ஆகும் என்று அரசாங்கத்துக்குத் தெரியாதா?

1861இல் ஆள் சேர்த்தது அரசாங்கம் என்பதைவிட ஊர் என்பதுதான் சரி. உள்ளூரில் செல்வாக்குள்ள ஒருவர் நூறு பேரைத் திரட்டுவார். பையன்கள் தங்கள் அதிகாரிகளை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். கவுண்டித் தலைமை ஊரில் பெண்கள் தைத்த கொடியைக் கொடுத்து வழியனுப்புவார்கள். இப்படிப் பத்துக் கம்பெனி சேர்ந்தால் ஒரு ரெஜிமென்ட். 26ஆம் ரெஜிமென்ட்டில் ஏ கம்பெனி ஆஷ் கவுண்டி, சி கம்பெனி வில்க்ஸ், 'ஈ', 'ஜி' கம்பெனிகள் சாத்தம், எச் கம்பெனி மூர். வடக்கேயும் இதே முறைதான்.

பக்கத்தில் நிற்பவன் அண்ணன் அல்லது அத்தை மகன் என்றால் யாரும் வரிசையை விட்டு ஓட மாட்டார்கள் என்பது உண்மை. ஓடினால் ஊரில் தலைகாட்ட முடியாது. அந்தப் பலம்தான் அவர்களை அந்த மேட்டில் ஏற வைத்தது. அதற்கு ஊர் கொடுத்த விலையும் அதே இடத்திலிருந்துதான் வந்தது. எஃப் கம்பெனிப் பட்டியலில் காஃபி என்ற குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கம்பெனியில் மூன்று இரட்டையர் ஜோடிகள் இருந்தார்கள் என்றும், ஆறு பேரில் ஐந்து பேர் கெட்டிஸ்பர்க்கில் இறந்தார்கள் என்றும் ரெஜிமென்ட்டின் பழைய வரலாறு சொல்கிறது. மூன்று தாய்மார்களில் இரண்டு பேருக்கு ஒரு பிள்ளைகூடத் திரும்பி வரவில்லை.

எந்தப் போரையும் படிக்கும்போது மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். லட்சக்கணக்கில் சொன்னால் மனதில் எதுவும் பதியாது. ஒரு கவுண்டியை எடுத்துக்கொண்டு பெயர் பெயராகப் படித்தால், அறுவடைக்கு ஆள் இல்லாத வீடு எது, ஏர் பிடிக்க பத்து வயதுப் பையன்தான் மிஞ்சிய வீடு எது என்று தெரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: வீட்டுக்குத் தகவல் எப்படிப் போனது?

மெதுவாக, அதுவும் அரைகுறையாக. லெனோருக்கு அப்போது ரயில் கிடையாது. படையில் அடையாளத் தகடும் கிடையாது. இறந்தவர் வீட்டுக்கு முறையாகத் தெரிவிக்க எந்த ஏற்பாடும் இல்லை. கேப்டனோ கூட இருந்த நண்பனோ கடிதம் போடுவார், செய்தித்தாளில் கம்பெனிவாரியாகப் பட்டியல் வரும். எஃப் கம்பெனியில் கடிதம் எழுத வேண்டியவர்களே காயப்பட்டுக் கிடந்தார்கள். பலத்த காயம் பட்டவர்களில் பலர் பின்வாங்கும்போது விட்டுவரப்பட்டு வடக்குப் படையின் கைதிகளானார்கள். மற்றவர்களை ஏற்றிய வண்டி வரிசை 17 மைல் நீளம். ஜூலை 4ஆம் தேதி கொட்டும் மழையில், வைக்கோல்கூட இல்லாத வண்டிகளில், மலைப் பாதையில் தெற்கே திரும்பினார்கள். மகன் வண்டியில் இருக்கிறானா, கைதியா, புதைத்தாகிவிட்டதா என்பது மாதக்கணக்கில் தெரியாமல் இருந்த வீடுகள் ஏராளம்.

கேள்வி: நோயில் இறந்தவர்கள்தான் அதிகம் என்று கேள்விப்பட்டேன். கிராமத்துப் பையன்கள் திடமானவர்கள் இல்லையா?

திடம் இங்கே உதவவில்லை. அந்தப் போரில் சண்டையில் இறந்த ஒருவருக்கு, நோயில் இறந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு பேர். வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, நிமோனியா, அப்புறம் தட்டம்மை. இந்தத் தட்டம்மைதான் கிராமத்துப் பையன்களைத் தேடிப் பிடித்தது. நகரத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருக்கும். மலையடிவாரப் பண்ணைகளில், அடுத்த வீடு அரை மைல் தள்ளி இருக்கும் இடத்தில் வளர்ந்தவர்களுக்கு அது வந்தே இருக்காது. ஆயிரம் பேர் நெருக்கியடித்துக் கிடக்கும் முகாமில் முதல் குளிர்காலத்திலேயே கொத்துக்கொத்தாகப் படுத்தார்கள். எதிரியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இறந்தவர்கள் எல்லாக் கவுண்டிப் பட்டியல்களிலும் உண்டு. நினைவுக் கற்களில் கெட்டிஸ்பர்க் பெரிதாக இருக்கும், முகாம் மருத்துவமனையில் இருமி இருமிச் செத்த பதினெட்டு வயதுப் பையனுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. அவனும் அதே கவுண்டியின் இழப்புதான்.

கேள்வி: அந்தக் கம்பெனியில் ஒரு பெண் இருந்தாராமே?

ஆமாம், இதே எஃப் கம்பெனிதான். பெயர் மலிண்டா ப்ளேலாக். கணவர் கீத் ப்ளேலாக் வடக்குப் பக்கம் சாய்வு உள்ளவர். கட்டாயமாக இழுத்துப் போவதற்கு முன் தானே சேர்ந்து, சமயம் பார்த்து எதிர்ப் பக்கம் தாவிவிடலாம் என்பது அவர் திட்டம். 1862 மார்ச்சில் லெனோரில் அவர் பெயர் கொடுத்தார். மலிண்டாவும் ஆண் உடை போட்டுக்கொண்டு, 'சாம்' என்று கணவரின் தம்பியாகப் பெயர் கொடுத்தார்.

தாவ வழி கிடைக்கவில்லை. கீத் காட்டுக்குள் போய், தொட்டாலே தோல் வெந்து கொப்பளிக்கும் நச்சுச் செடியில் உடம்பைப் புரட்டிக்கொண்டு வந்தார். டாக்டர்கள் பயந்துபோய் அவரை அனுப்பிவிட்டார்கள். உடனே 'சாம்' தான் யார் என்று சொல்லிவிட்டார். அவருடைய படைப் பதிவு அட்டை இன்றும் இருக்கிறது. ஆண் உடையில் சேர்ந்த இந்தப் பெண்மணி இரண்டு வாரம் ஒரு சிப்பாயின் எல்லா வேலைகளையும் செய்தார், சேர்ந்ததற்குத் தந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், ஏப்ரல் 20 அன்று விடுவிக்கப்பட்டார் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது.

அதன்பின் இருவரும் மலையில் வடக்குப் பக்கத்துக் கொரில்லாப் போராளிகளாக மாறி, தங்கள் பழைய அண்டை வீட்டாரோடு சண்டை போட்டார்கள். இதைச் சாகசக் கதையாக மட்டும் படித்தால் போதாது. 1862 ஏப்ரலில் தெற்கு அரசு 18 முதல் 35 வயது வரை கட்டாயப் படைச் சேர்ப்பு கொண்டுவந்தது. செப்டம்பரில் வரம்பு 45 ஆனது. அக்டோபரில் இருபதோ அதற்கு மேலோ அடிமைகளை வைத்திருக்கும் பண்ணைக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு என்றார்கள். 1863இல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி. அடிமை வைத்திராத சின்ன விவசாயிக்கு ஒவ்வொன்றும் இடி. மலைப் பகுதியில் படையை விட்டு ஓடி வந்து ஒளிந்தவர்கள், அவர்களைப் பிடிக்க வந்த உள்ளூர்க் காவல் படை, இரண்டுக்கும் நடுவில் கொள்ளை என்று வீட்டு வாசலிலேயே இன்னொரு போர் நடந்தது. அதில் செத்தவர்கள் எந்த ரெஜிமென்ட்டின் கணக்கிலும் வரமாட்டார்கள்.

கேள்வி: அடிமை முறையைக் காப்பாற்றப் போனவர்களுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும்?

இந்தக் கேள்வி வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். தெற்கு மாநிலங்கள் பிரிந்தது அடிமை முறையைக் காப்பாற்றத்தான். பிரிந்த மாநிலங்களில் சில தாங்களே அதை எழுதி வைத்திருக்கின்றன. இதில் குழப்பிக்கொள்ள எதுவும் இல்லை. கால்ட்வெல் மலையடிவாரம்தான், பெரிய பருத்திப் பண்ணை நாடு அல்ல. ஆனாலும் 1860இல் அந்த 7,500 பேரில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அடிமைகள். யாட்கின் ஆற்றின் கரையில் ஹேப்பி வேலி என்று அழைக்கப்படும் வளமான நிலம் அவர்கள் உழைப்பில் விளைந்தது. போரின்போது அவர்கள் வேலை இரட்டிப்பானது. கோட்டை கட்டவும் பாதை போடவும் பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் செத்தவர்களுக்கு அதிகாரிகள் பட்டியல் எழுதவில்லை. வட கரோலினாவிலிருந்து 5,000க்கு மேற்பட்ட கறுப்பின ஆண்கள் வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டார்கள். ஒரு கவுண்டியின் இழப்பைக் கணக்கிட உட்காருபவர், லெனோர் சதுக்கத்தில் கொடி வாங்கிக்கொண்டு போனவர்களை மட்டும் எண்ணினால் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

என்னைப் பொறுத்தவரை, அந்தப் படை தோற்றது நல்லது. அது வென்றிருந்தால் ஹேப்பி வேலியில் இருந்தவர்களின் பிள்ளைகளும் விற்கப்பட்டிருப்பார்கள். இப்படிச் சொல்லிவிட்டு, அந்த இரட்டையர்களின் தாய்மார்களுக்காகவும் நான் வருந்துகிறேன். இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும், இருக்கவும் வேண்டும். அந்தப் பையன்களில் பெரும்பாலானவர்கள் ஒரு அடிமையைக்கூடச் சொந்தமாக வைத்திராதவர்கள். யாருடைய சொத்துக்காக அனுப்பப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அவர்களுக்காக வருந்த முடியும்.

கேள்வி: கெட்டிஸ்பர்க் தேசியக் கல்லறையில் இவர்கள் கல்லறையைப் பார்க்க முடியுமா?

அங்கே தேடிப் பயனில்லை. 1863 நவம்பர் 19 அன்று லிங்கன் பேசி அர்ப்பணித்த அந்தக் கல்லறை வடக்குப் படையினருக்கானது. தெற்கு வீரர்களை விழுந்த இடத்திலேயே ஆழமில்லாத நீளக் குழிகளில் புதைத்தார்கள். பல இடங்களில் பெயர்ப் பலகை பென்சிலால் எழுதியது, ஓரிரு குளிர்காலத்தில் அழிந்துபோனது. 1870களின் தொடக்கத்தில் தெற்கே இருந்த பெண்கள் சங்கங்கள் கேட்டுக்கொண்டதால், ரூஃபஸ் வீவர் என்ற மருத்துவர் குழிகளைத் தோண்டி எலும்புகளைச் சேகரித்துப் பெட்டிகளில் அனுப்பினார். ரிச்மண்டின் ஹாலிவுட் கல்லறைக்கு மட்டும் 2,935 பேரின் எச்சங்கள் போயின. ராலேயில் உள்ள ஓக்வுட் கல்லறைக்கு 1871இல் 137 பேர் வந்து சேர்ந்தார்கள். வீவருக்குத் தர வேண்டிய பணம் முழுவதும் கடைசி வரை வந்து சேரவில்லை. ராலேயில் அந்தக் கற்களைப் பார்க்கலாம். கர்னல் பர்க்வினின் கல்லறையும் அங்கேதான்.

கேள்வி: கால், கை இழந்து திரும்பியவர்கள் என்ன ஆனார்கள்?

வடக்கு வீரருக்கு மத்திய அரசின் ஓய்வூதியம் உண்டு, தெற்கு வீரருக்கு இல்லை. அந்தப் போரில் பயன்பட்ட மினியே குண்டு மென்மையான ஈயம். எலும்பில் பட்டால் எலும்பு நொறுங்கிவிடும், வெட்டி எடுப்பதைத் தவிர டாக்டருக்கு வழி இருக்காது. 1866இல் வட கரோலினா அரசு செயற்கைக் கால் தரும் திட்டத்தைத் தொடங்கியது. தோற்ற மாநிலங்களில் இதை முதலில் செய்தது அதுதான். செயற்கை உறுப்பு வேண்டாதவர்களுக்குக் காலுக்கு 70 டாலர், கைக்கு 50 டாலர். 1885இல் மாநில ஓய்வூதியமும் வந்தது, மிகச் சிறிய தொகைதான். ஆனால் அந்த ஓய்வூதிய விண்ணப்பங்கள் நமக்குப் பெரிய புதையல். எங்கே அடிபட்டது, இப்போது என்ன வேலை செய்ய முடியவில்லை, எவ்வளவு நிலம் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும்.

கேள்வி: மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்? 6 லட்சமா, 7 லட்சமா?

நெடுங்காலம் சொல்லப்பட்டது 6,20,000. 2011இல் டேவிட் ஹேக்கர் என்ற வரலாற்றாய்வாளர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டுச் சுமார் 7,50,000 என்றார். 2024இல் முழுக் கணக்கெடுப்புத் தரவையும் வைத்து இன்னொரு குழு செய்த ஆய்வில் 6,98,000 வந்தது. தெற்குப் படையின் பதிவுகள் நிறைய அழிந்துபோனதுதான் இந்த இழுபறிக்கு முக்கியக் காரணம்.

கேள்வி: நானே ஒரு கவுண்டியை எடுத்துக்கொண்டு கணக்கிட ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது?

முதலில் அந்தக் கவுண்டியில் திரட்டப்பட்ட கம்பெனிகள் எவை என்று பாருங்கள். அடுத்து 1860 கணக்கெடுப்புத் தாள்களில் பெயர், வயது, வீடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பட்டியலை மட்டும் நம்பினால் தவறிவிடும். எல்லைக்குப் பக்கத்தில் இருந்தவர் அடுத்த கவுண்டிக் கம்பெனியில் சேர்ந்திருப்பார், அங்கிருந்து இங்கே வந்தவரும் இருப்பார். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு வீரருக்கும் தொகுத்த அட்டைகள் இருக்கின்றன. அதில் 'மருத்துவமனை', 'கைதி' என்பதோடு நின்றுபோகும் பெயர்களைத் தனியாகக் குறித்து, பாயிண்ட் லுக்அவுட், எல்மைரா கைதி முகாம்களின் இறப்புப் பதிவில் தேடுங்கள். எல்மைராவில் மட்டும் சுமார் 12,000 கைதிகளில் 3,000 பேர் இறந்தார்கள். அப்புறம் ஓய்வூதிய விண்ணப்பங்கள், குறிப்பாக விதவைகளுடையவை. அடிமைகளாக இருந்தவர்களுக்கு 1860 கணக்கெடுப்பில் பெயரே இருக்காது, உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் போன்றவைதான். 1870 கணக்கெடுப்பில்தான் பெயர் வரும். அங்கிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்.

எல்லைகள் மாறியதையும் கவனியுங்கள். ப்ளேலாக் தம்பதி வாழ்ந்த கிராண்ட்ஃபாதர் மலைப் பக்கம் 1911இல் ஏவரி என்ற புதுக் கவுண்டிக்குள் போய்விட்டது. கால்ட்வெல், வடாகா, மிச்செல் மூன்றிலிருந்தும் பிரித்து எடுத்தது அது. அதனால் லெனோரில் பெயர் கொடுத்தவர்களில் சிலரை நீங்கள் இன்றைய ஏவரி கவுண்டிக் கல்லறைகளில்தான் தேட வேண்டியிருக்கும்.